சின்ன டீம் ஜெயிக்கணும், பெரிய டீம் தோக்கணும்: ஏன் இப்படித் தோணுது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை உள்ள கடற்கரை ஊர்களில் கபடி, வாலிபால் போட்டிகளில் நடுவராக நிற்பதும், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. மைதான ஓரத்திலும் டீக்கடையிலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

சார், விளையாடுற ரெண்டு டீமையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் சின்ன டீம் ஜெயிக்கணும்னு மனசு போகுது. எனக்கு மட்டுந்தான் இப்படியா?

இல்லை, பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான். 1991-இல் அமெரிக்காவில் ஃப்ரேசியர், ஸ்னைடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கற்பனைப் போட்டியைச் சொல்லிக் கேட்டார்கள். ஏழு ஆட்டம் கொண்ட தொடர். ஒரு அணி பலமானது, இன்னொன்று பலம் குறைந்தது. அணியின் பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. ஐந்தில் நான்கு பேர் பலம் குறைந்த அணி பக்கம் நின்றார்கள்.

அடுத்ததாக, அந்தச் சின்ன அணி முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆதரித்தவர்களில் பாதிப் பேர் கட்சி மாறிவிட்டார்கள். பெரிய அணி இப்போது பாவமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இது உதவும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோக்கப் போறவன்னு தெரிஞ்சே ஏன் அவன் பக்கம் போறோம்? ஜெயிக்கிறவன் பக்கம் இருந்தா நமக்குத்தானே சந்தோஷம்?

சின்ன அணி தோற்றால் நமக்குப் பெரிதாக வலிக்காது, எதிர்பார்த்ததுதான். ஜெயித்துவிட்டால் கிடைக்கிற சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. பெரிய அணி பக்கம் நின்றால் இது தலைகீழ்: ஜெயித்தால் 'சரி, ஜெயிக்க வேண்டியதுதானே' என்று போய்விடும், தோற்றால் ராத்திரித் தூக்கம் கெடும். எந்தப் பக்கமும் சேராதவர் சின்ன அணியோடு சேர்வதில் இந்த லாபக் கணக்கும் உண்டு.

1983 ஜூன் 25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளையும் வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்திருந்தது. அந்த இரண்டிலும் சேர்த்து இந்தியா வென்றது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராக. லார்ட்ஸில் இந்தியா 183-க்கு ஆட்டமிழந்தபோது யாருக்கும் நம்பிக்கை இல்லை. வெஸ்ட் இண்டீஸ் 140-இல் சுருண்டது, 43 ரன் வித்தியாசம். அன்று ரேடியோவில் கேட்டவர்கள் இன்றைக்கும் அதை மூச்சு வாங்கச் சொல்வார்கள். அதே ஆட்டத்தைப் பெரிய அணியாக இருந்து இந்தியா ஜெயித்திருந்தால் இத்தனை வருஷம் யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்ப இது வெறும் லாப நட்டக் கணக்குத்தானா மாஸ்டர்? பாசம்னு ஒண்ணு கிடையாதா?

உண்டு. என்னைக் கேட்டால் கணக்கை விட அதுதான் பெரிது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் வண்டெல்லோவும் அவருடைய குழுவும் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் வீடியோவைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஒரு பாதியிடம் ஒரு அணி பலவீனமானது என்றும், மறு பாதியிடம் இன்னொரு அணி பலவீனமானது என்றும் சொல்லியிருந்தார்கள். வீடியோ ஒன்றேதான். ஆனால் எந்த அணியைப் பலவீனமானது என்று நம்பினார்களோ, அந்த அணிதான் உயிரைக் கொடுத்து ஆடியது என்று பதில் வந்தது.

அதாவது நாம் பலவீனத்தைப் பார்த்து இரங்குவதில்லை, பாடுபடுவதைப் பார்த்து இளகுகிறோம். கபடியில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு பக்கம் ஏழு பேர் நிற்கிறார்கள், இந்தப் பக்கம் மிச்சம் மூன்று பேர். ரைடர் உள்ளே வருகிறார். மூன்று பேரில் ஒருவன் கார்னரில் குனிந்து, கையை மண்ணில் தேய்த்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறான். ரைடர் ஒரு காலை நீட்டி மறு காலில் எடையை மாற்றுகிற அந்த நொடியில் கணுக்கால் பிடி விழுகிறது. ரைடரின் விரல் நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. மற்ற இரண்டு பேரும் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். அதுவரை யார் பக்கமும் இல்லாமல் கடலை கொறித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்று துண்டைச் சுழற்றுகிறார். அவருக்கு அந்தப் பையன் யார் என்றே தெரியாது.

மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று ஒரு புள்ளி கூடுதலாகத் தருகிறார்கள். ஆள் குறைந்த பக்கத்துக்கு உதவும் விதி அது. கூட்டத்தின் மனசு தெரிந்தவர்கள் எழுதிய விதி என்றே நினைக்கிறேன்.

எங்க ஊர்ப் போட்டியில வருஷா வருஷம் ஒரே டீம்தான் கப்பு தூக்குறாய்ங்க. அவிங்களப் பார்த்தாலே எரிச்சல் வருது. அவிங்க என்ன தப்பு செஞ்சாய்ங்க?

ஒரு தப்பும் செய்யவில்லை. முந்தைய பதிலையே திருப்பிப் பாருங்கள்: சின்ன அணியின் பாடு மைதானத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, ஜெயிக்கிற அணியின் பாடு தெரிவதில்லை. பயிற்சி கூடக் கூட ஆட்டம் சுலபமாகத்தான் தெரியும். எட்டு மணி நேரம் கரைவலை இழுத்த கையோடு சாயங்காலம் மைதானத்துக்கு வந்து, இருட்டுகிற வரைக்கும் ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் பழகுகிற பையன்களை எனக்குத் தெரியும். போட்டி அன்று அவர்கள் பத்து நிமிடத்தில் எதிரணியை ஆல் அவுட் செய்யும்போது, 'இவிங்களுக்கு என்னப்பா, சும்மா ஜெயிக்கிறாய்ங்க' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். எனக்கு உண்மையாகவே வலிக்கிற பேச்சு அது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம் ஆட்டத்தில் சுவாரஸ்யம் போய்விடுவது. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு யார் ராத்திரி ரெண்டு மணி வரை உட்காருவார்கள்? அந்தக் குறை நியாயமானது. ஆனால் அதைப் போட்டி நடத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டும், ஆடுகிற பிள்ளைகள் மேல் காட்டக் கூடாது.

இது பொறாமையா, இல்ல நியாயமான கோபமா? ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது?

இரண்டும் கலந்துதான் வரும். பிரித்துப் பார்க்கப் பணம் ஒரு நல்ல அளவுகோல். மேலே சொன்ன 2007 ஆய்வில் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த அணிதான், ஆனால் அதிகப் பணம் கொட்டிக் கட்டிய அணி என்று சொன்னதும் இரக்கம் வடிந்துவிட்டது. பணம் குறைந்த அணி பக்கம் ஆதரவு போனது. வசதி குறைவாக இருந்தும் மோதுகிறவன்தான் எளியவன் என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

ஆகவே உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த அணிக்கு மட்டும் ஏதாவது சலுகை கிடைத்ததா? வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்கினார்களா, நடுவர் சாய்ந்தாரா? ஆமாம் என்றால் உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு, எழுந்து கேளுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் அவர்கள் ஜெயிப்பது மட்டுமே உறுத்துகிறது என்றால், அது பொறாமைதான்.

சிஎஸ்கே அஞ்சு கப்பு ஜெயிச்ச டீம். அதை மட்டும் நம்ம ஊருல ஏன் தலையில தூக்கி வச்சு ஆடுறோம்?

அது நம்முடையது என்று நினைப்பதால்தான். எளியவன் பக்கம் சாய்வது எந்தப் பக்கமும் சேராத மனசுக்கு மட்டுமே. நம் அணி என்று ஒன்று வந்துவிட்டால் அந்த மனசு ஓரமாகப் போய்விடும். 2010, 2011, 2018, 2021, 2023 என்று நமக்கு ஒவ்வொன்றும் திருவிழா. மும்பையும் அதே ஐந்து கப்புதான் வாங்கியிருக்கிறது, ஆனால் ராமநாதபுரத்து டீக்கடையில் அதைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்தான் அதிகம்.

1976-இல் சியால்டினி என்பவர் அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழகங்களில் கவனித்தார். கல்லூரி அணி ஜெயித்த வாரம் திங்கட்கிழமையன்று கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் அதிகமாகத் தெரிந்தன. ஜெயித்தால் 'நாம ஜெயிச்சோம்', தோற்றால் 'அவங்க தோத்துட்டாங்க' என்று பேச்சும் மாறியது. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மஞ்சள் சட்டை எந்த நாளில் அதிகமாகத் தெரிகிறது என்று நீங்களே பாருங்கள்.

இந்தியா தோத்தா மத்த நாட்டுக்காரன் ஏன் இந்தக் குதி குதிக்கிறான்?

இப்போது பெரிய அணி நாம்தான். 1983-இல் உலகமே நம்மைத் தட்டிக்கொடுத்தது. இன்று கிரிக்கெட்டில் பணம், ஆள் பலம், செல்வாக்கு எல்லாம் இந்தியா பக்கம். 2023 உலகக் கோப்பையில் பத்து ஆட்டம் வரிசையாக ஜெயித்து, நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது வெளியில் பலர் சந்தோஷப்பட்டார்கள். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியாவின் எல்லா ஆட்டமும் துபாயிலேயே நடந்ததால் 'ஒரே மைதானச் சலுகை' என்று புகார் கிளம்பியது. நம் ஊர் சாம்பியன் டீமைப் பற்றி நீங்கள் சொல்கிற அதே புகார்தான்.

கபடியில் இது இன்னும் தெளிவு. 1990 முதல் 2014 வரை ஒவ்வொரு ஆசிய விளையாட்டிலும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான் வந்தது. 2018 ஜகார்த்தா அரையிறுதியில் ஈரான் 27-18 என்று நம்மைத் தோற்கடித்தது. நம் பையன்கள் அன்று அழுதார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் வருந்தினேன். ஆனாலும் ஈரான் ஆட்டக்காரர்கள் இந்திய லீக்கில் வந்து ஆடி, பாடம் படித்து, நம் பிடியையே நம் மேல் போட்டார்கள் என்பதைப் பார்க்கும்போது அதில் ஒரு பெருமையும் இருந்தது.

ஆப்கானிஸ்தான் ஜெயிக்கணும்னு உட்கார்ந்தேன். கடைசியில மேக்ஸ்வெல்லுக்குக் கை தட்டிக்கிட்டு இருந்தேன். நான் பச்சோந்தியா?

இல்லவே இல்லை. முதல் கேள்வியில் பாதிப் பேர் கட்சி மாறினார்களே, அதேதான் நடந்தது. 2023 உலகக் கோப்பை, நவம்பர் 7, மும்பை வான்கடே மைதானம். ஆப்கானிஸ்தான் 291 எடுத்தது, ஆஸ்திரேலியா 91-க்கு 7 விக்கெட். அந்த நிமிடத்திலிருந்து எளியவன் யார்? தசை பிடித்து, காலை நகர்த்த முடியாமல், நின்ற இடத்திலிருந்தே அடித்துக்கொண்டிருந்த ஒரு ஆள். மறுமுனையில் கம்மின்ஸ் 68 பந்தில் 12 ரன் எடுத்துத் துணை நின்றார். மேக்ஸ்வெல் 201 அடித்து ஜெயிக்க வைத்தார். ஐந்து முறை கோப்பை வாங்கிய அணிக்குள்ளேயே ஓர் எளியவன் முளைக்க முடியும்.

96-ல இலங்கை கிரிக்கெட் உலகக் கோப்பை ஜெயிச்சப்ப இந்தக் கரையில எல்லாரும் சந்தோஷப்பட்டாங்களா?

எல்லாரும் இல்லை. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் இலங்கை அன்று சரியான எளிய அணி. கொழும்பில் குண்டு வெடித்ததால் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் அங்கே வந்து ஆட மறுத்திருந்தன. மார்ச் 17 அன்று லாகூர் இறுதிப் போட்டியில் அதே ஆஸ்திரேலியாவை 7 விக்கெட்டில் வென்றது இலங்கை. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கிற கரை இது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். ரசித்துக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

ஆனால் மண்டபம் முகாமில் அகதிகள் வந்து இறங்கிய காலமும் அதுதான். அந்தக் கொடியைப் பார்த்தாலே நெஞ்சு கனத்தவர்களிடம் போய் 'எளிய அணி ஜெயித்தது, கை தட்டுங்கள்' என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. மைதானத்துக்கு வெளியே பட்ட காயம் ஆட்டத்தை விடப் பெரியது.

எந்த விளையாட்டுல சின்ன டீம் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்?

புள்ளி குறைவாக விழுகிற ஆட்டத்தில். கால்பந்தில் இரண்டு மூன்று கோல்தான் விழும், ஒரு தவறு போதும். 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா 2-1 என்று அர்ஜெண்டினாவை வென்றது. அந்த அர்ஜெண்டினாதான் பிறகு கோப்பையைத் தூக்கியது. அதே கோப்பையில் மொராக்கோ, ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் தாண்டி அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி ஆனது. கபடி, வாலிபாலில் புள்ளி நிறைய விழுவதால் அதிர்ஷ்டம் கரைந்து, பலமானவன் மேலே வந்துவிடுவான். டெஸ்டை விட டி20-யில் அதிர்ச்சி அதிகம் வருவதும் இதனால்தான். வடகடல் ஓரத்தில் திருவிழாவுக்கு நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் காற்று திடீரென்று திரும்பினால் முன்னால் போன படகு பின்னால் வந்துவிடும், அதனால்தான் கடைசி வரை கரையில் கூட்டம் கலையாது.

பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டேட் டீமுக்குப் போயிட்டான். எங்கேயோ இருக்கிறவன் ஜெயிச்சா சந்தோஷமா இருக்கு, இவன் ஜெயிச்சா உறுத்துது. ஏன் அண்ணே?

இதைத் தைரியமாகக் கேட்ட தம்பியை மதிக்கிறேன். தூரத்தில் இருப்பவனோடு நாம் நம்மை ஒப்பிடுவதில்லை. கூடவே வளர்ந்தவன், அதே மைதானம், அதே ஆட்டம் என்றால் ஒப்பீடு தானாக வந்துவிடும். டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980-இல் ஒரு சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு வைத்தார். இது உங்கள் திறமையைக் காட்டும் சோதனை என்று சொன்னபோது, அந்நியருக்குக் கொடுத்ததை விடக் கடினமான குறிப்புகளைத் தன் நண்பனுக்குக் கொடுத்தார்கள். சும்மா விளையாட்டு என்றபோது நண்பனுக்கு உதவினார்கள்.

அதனால் உறுத்துவது இயல்பு. அதை வைத்து அவனை வெட்டிவிடாதீர்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள்தான் இருவருமே நன்றாக வந்திருக்கிறார்கள். அவன் லீவில் ஊருக்கு வரும்போது எதிரே நின்று ஆடுங்கள், அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

எதிரி டீம் தோத்தா வர்ற சந்தோஷம் தப்பா?

சந்தோஷம் வருவதைத் தடுக்க முடியாது. 1998 உலகக் கோப்பையில் ஜெர்மனி குரோஷியாவிடம் 3-0 என்று தோற்றபோது நெதர்லாந்துக்காரர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்றே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 1974 இறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற வடு அவர்களுக்கு உண்டு. தன் அணியின் தோல்வி ஞாபகம் இருக்கிறவனுக்கு அடுத்தவன் தோல்வி இனிக்கும்.

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. பாஸ்டன், நியூயார்க் பேஸ்பால் ரசிகர்களின் மூளையை 2011-இல் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். எதிரி அணி தோற்பதைப் பார்த்தபோது மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி அதிகம் துடித்தவர்கள்தான், எதிரணி ரசிகனை அடிக்கவும் திட்டவும் தோன்றும் என்று அதிகமாகச் சொன்னார்கள். நம் பக்கம் அது சாதிப் பேச்சாகவும், ஊர்ச் சண்டையாகவும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தோற்ற அணி வேனில் ஏறும்போது சுற்றி நின்று கூச்சல் போடுவது, வேன் கண்ணாடியைத் தட்டுவது, இதெல்லாம் எந்த ஊரில் நடந்தாலும் நான் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன்.

ஜெயிச்சுக்கிட்டே இருக்கிற டீமைப் போட்டியில சேர்க்காம விட்டா என்ன?

சில இடத்தில் மறைமுகமாக அப்படிச் செய்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உழைத்ததற்குத் தண்டனை கொடுப்பதாகிவிடும். சமன் செய்ய நல்ல வழிகள் நம்மிடமே இருக்கின்றன. சாயல்குடி, கடலாடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, எல்லாவற்றிலும் சின்னதான பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே ஓட்டுகிறோம்? பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு யாரும் விடுவதில்லை. அதே மாதிரி அணிகளை இரண்டு பிரிவாகப் பிரிக்கலாம், வெளியூர் ஆட்டக்காரருக்கு எண்ணிக்கை வைக்கலாம். ஐபிஎல்லிலும் எல்லா அணிக்கும் ஒரே ஏலத் தொகைதான். 2025-க்கு அணிக்கு 120 கோடி.

மாஸ்டர், நாங்கதான் இப்ப அந்த ஜெயிக்கிற டீம். ஃபைனல்ல எங்களுக்கு ஒருத்தரும் கை தட்ட மாட்றாங்க. மனசு விட்டுப் போகுது.

உங்களை யாரும் வெறுக்கவில்லை தம்பி, உங்கள் பாடு அவர்கள் கண்ணில் படவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஷூ கூட இல்லாமல் வந்து காலிறுதியில் நீங்கள் ஆடியபோது இதே கூட்டம்தான் எழுந்து நின்றது. எதிரணிக்குக் கை தட்டுகிறவர்களைப் பார்த்து முறைக்காதீர்கள், அவர்கள் உங்கள் பழைய கதைக்குத்தான் கை தட்டுகிறார்கள்.

பயிற்சியைப் பூட்டிய இடத்தில் வைக்காமல் ஊர் நடுவில் வையுங்கள், வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும். சுற்று ஊர்ச் சின்ன அணிகளை வாரம் ஒரு நாள் கூப்பிட்டு உங்களோடு ஆட விடுங்கள். உங்கள் கபடி விரிப்பை (மேட்) அவர்களுக்கும் கொடுங்கள். உங்கள் பிடியைக் கற்றுக்கொண்டு ஒரு நாள் அவர்கள் உங்களையே ஜெயிப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் வருகிறேன், தேவிபட்டினம் பையன்களையும் அழைத்து வருகிறேன்.